கழிச்சோ, சேச்சி?

இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக, செய்தி வந்தபோது தாங்கள் எங்கே இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. செய்தியை அனுப்பினவனே நான்தான். என் மனைவி கோமதி காலையில் போனாள். யாருக்கு முதலில் சொல்வது என்று தெரியாமல் போனை எடுத்து நம் மெஸ் குரூப்பில் எழுதினேன். அந்த இடத்தில் "இன்று வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல்" என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். அதே விரல், அதே இடத்தில், "அக்கா போய்விட்டாள்" என்று எழுதியது.

முதலில் பதில் போட்டது கார்த்திக். பெங்களூரில் ஏதோ மீட்டிங்கில் இருந்திருப்பான். "எங்க அங்கிள், ஊருக்கா? எப்ப வருவாங்க?" என்று கேட்டிருந்தான். உடனே அதை அழித்தும் விட்டான். பிறகு போன் செய்து, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். தம்பி, மன்னிப்புக்கு ஒன்றுமில்லை. உன் கேள்வியைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், அவளிடம் காட்டலாம் என்று போனைத் தூக்கிக்கொண்டு கட்டிலைப் பார்க்க நடந்ததுதான். அவளுக்குப் பிடித்த வகைத் தமாஷ் அது. பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த மலையாள ஊரில், கழக்கூட்டத்தில், அவள் கையால் சாப்பிட்ட பிள்ளைகளெல்லாம் சேர்ந்து அவள் நினைவாக ஒரு சின்ன மலர் போடுகிறீர்கள், நானும் எழுத வேண்டும் என்றீர்கள். பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை எழுதினவனிடம் கேட்கிறீர்களே என்றேன். விடவில்லை. எழுத உட்கார்ந்தேன். எழுந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது, யாருமில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பார்த்தேன், பற்றவைக்கவே இல்லை. இப்படித்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால், அந்த இடத்தில் நான் எழுந்து போயிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லாரும் அவளை அக்கா என்றும் என்னை அங்கிள் என்றும் கூப்பிட்டீர்கள். எனக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. தலைமுடிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. "உங்க முறைப்படி பாத்தா நான் உங்களுக்கு மக மாதிரி ஆகுது. பாத்து நடந்துக்கோங்க" என்பாள். உங்கள் முன்னாலேயே சொல்வாள். நான் ரசத்தைக் கொண்டுவரப் போகிற மாதிரி உள்ளே போய்விடுவேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு வார்த்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கல்யாணமாகி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவளை இந்த ஊருக்குக் கூட்டி வந்தபோது நான் பழவங்காடியில் ஒரு சைவ ஓட்டலில் சப்ளையராக இருந்தேன். கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு அறை. வந்த மறுநாள் காலை, தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் எதிர்வீட்டுச் சேச்சி சிரித்துக்கொண்டே இவளிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். குடத்தைப் போட்டது போட்டபடி திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"இது என்ன ஊருங்க? பேரு கூடக் கேக்கல. எடுத்த எடுப்புல, கழிச்சியான்னு கேக்காங்க."

நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்தாயா என்று புதுப்பெண்ணிடம் கேட்டால் அவள் என்ன செய்வாள். மலையாளத்தில் கழிச்சோ என்றால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் என்று நான் பெரிய பண்டிதன் மாதிரி விளக்கினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, நான் ஓட்டலுக்குப் புறப்படுகிறவரை சிரித்தாள். இந்த ஊர் அவளுக்குச் சொந்த ஊரானது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த வார்த்தையை அவள் பிறகு விடவே இல்லை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, உங்களை மாதிரிப் பிள்ளைகள் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு அலைந்த காலத்தில் வீட்டிலேயே மெஸ் தொடங்கினோம். ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, முகத்தில் சிரிப்பே காட்டாமல், "கழிச்சாச்சா தம்பி?" என்று கேட்பாள். கோவில்பட்டிப் பையன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஹாஸ்டல்லயே முடிச்சிட்டேன்க்கா" என்றான். "ஹாஸ்டல்லயே சாப்பிட்டுட்டு இங்க எதுக்குப்பா வந்த?" என்று கேட்டுவிட்டு இலையைப் போட்டாள். அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். மானேஜராக இருக்கிறானாம். பெயரைச் சொல்லவில்லை.

வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே கட்டி என்றார்கள். அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், ஒரு கட்டத்தில் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். நான் திரும்பி வந்தபோது, "என்ன, ஐயா கையக் கழுவிட்டாரா?" என்று கேட்டாள். என் முகம் சொல்லிவிட்டது. அப்படியானால் வீட்டுக்குப் போகலாம் என்றாள். இனி ஆஸ்பத்திரி வேண்டாம், மூக்கில் குழாய் வேண்டாம். அதை என்னிடம் வாக்காக வாங்கிக்கொண்டாள். "இங்க எல்லாரும் மெதுவாப் பேசுதாங்க. மெதுவாப் பேசுனா பயமா இருக்கு. வீட்டுல நீங்க பாத்திரத்தக் கீழ போடுத சத்தமாவது கேக்கும்" என்றாள்.

எங்கள் மகள் சுபாவுக்கு இது பிடிக்கவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து, படித்து, இங்கேயே வேலை பார்க்கிறவள். அவள் பேசும் தமிழில் பாதி மலையாளம். "அப்பா, எனக்குப் பேடியா இருக்கு. வீட்டுல வச்சு எதாவது ஆனா யாரு நோக்கும்?" என்றாள். அவள் பயம் நியாயமானது. பார்த்துக்கொள்ளப் போகிறவன் நான் அல்லவா. கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒருவர் வருவார். வாய் வழியாக ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருக்கிறவரை வீட்டில் இருக்கட்டும். அது நின்றால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், குழாய் போடுவதை அங்கே யோசிக்கலாம். சுபா அதற்குத்தான் சம்மதித்தாள். ஆக, கோமதி அவள் கட்டிலில் கிடப்பதும் கிடக்காததும் தினமும் எத்தனை கரண்டி கஞ்சி உள்ளே போகிறது என்பதில் இருந்தது. அந்தக் கஞ்சியை வைக்கிறவன் நான்.

உங்களுக்கு ஒரு உண்மை தெரியும். மெஸ்ஸில் என் வேலை காய் வாங்குவதும் பரிமாறுவதும் உங்களோடு அரட்டை அடிப்பதும்தான். அடுப்பு அவளுடையது. நான் வைத்த முதல் கஞ்சியை ஒரு வாய் வாங்கிவிட்டு, "போஸ்டர் ஒட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் தண்ணீரைக் கூட்டினேன். "இன்னைக்கு அரிசி லீவா?" என்றாள். உப்பு மறந்துபோன நாள், உப்பு இரண்டு தடவை விழுந்த நாள், எல்லாம் உண்டு. எப்படியோ உள்ளே போயிற்று. நான் வெற்றி பெற்ற மாதிரி டம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போவேன்.

போவேன், வருவேன், மறுபடி போவேன். அவள் வலியில் முனகினாலும் நடப்பேன், முனகாவிட்டாலும் என்னவோ என்று நடப்பேன். ஜன்னலைத் திறப்பேன், ஹைவே சத்தம் கேட்கிறதென்று மூடுவேன், மூச்சு முட்டுமோ என்று திறப்பேன். "இந்தாங்க, செத்த உக்காருங்க. நீங்க நடக்கதப் பாத்து எனக்கு மூச்சு வாங்குது" என்பாள். உட்காருவேன். அவள் கண்ணை மூடியதும் எழுந்துவிடுவேன். கண்ணைத் திறக்காமலே, "கால் சத்தம் கேக்குது" என்பாள்.

வீட்டுக்கு வந்த நர்ஸின் பெயர் பிந்து. வித்துரா ஊர்க்காரி. முதல் நாளே கோமதியை சேச்சி என்றும் என்னை சேட்டன் என்றும் கூப்பிட்டு, எனக்கு அங்கிள் பதவியிலிருந்து விடுதலை கொடுத்தவள். இருமினாலும் சிரித்தாலும் கோமதிக்கு வயிற்றில் தையல் போட்ட இடம் சுண்டி இழுக்கும். அந்த நேரத்தில் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலி குறையும் என்று பிந்து சொல்லிக்கொடுத்தாள். பழைய தலையணை ஒன்று கிடந்தது, பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிப்போனது, பூப்போட்ட உறை. கோமதி அதற்கு சிரிப்பாணித் தலகாணி என்று பெயர் வைத்தாள். எங்கள் பக்கத்தில் சிரிப்புக்கு சிரிப்பாணி என்போம்.

அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அவளிடம் யாராவது வேடிக்கையாக எதையாவது சொல்வதானால், முதலில் தலகாணியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். இதில் எனக்கொரு சங்கடம். தலகாணியைக் கொடுத்ததுமே அவள் தயாராகிவிடுவாள், வாயோரம் துடிக்கும். நான் சொல்ல வந்தது அவ்வளவுக்கு இருக்காது. "இதுக்கா தலகாணி குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அதற்காகவே சிரிப்பாள். ஒரு நாள் அவளுக்காகப் பெரியவர்கள் கட்டுகிற டயப்பர் வாங்கப் போனேன். கடைக்காரர் என்ன சைஸ் என்று கேட்டுவிட்டு என் இடுப்பைப் பார்த்தார். எனக்கில்லை என்று சொல்ல வந்தவன், ஏனோ, "கொஞ்சம் லூசாவே குடுங்க" என்றேன். இதைச் சொன்னபோது மட்டும் தலகாணி பத்தவில்லை, என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

எப்போதும் அப்படி இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு காலை நான் தலகாணியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதை வாங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். "இன்னைக்கு வேண்டாம்" என்றாள். நான் அடுப்பங்கரைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவினேன். பிந்து வந்து ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு, மத்தியானம் போல, "பாத்திரத்துக்கெல்லாம் காய்ச்சலா, விடாமக் குளிப்பாட்டுதீங்க?" என்ற குரல் வந்தது. என் உயிரும் அப்போதுதான் வந்தது.

(வாசல்வரை போய்விட்டு வந்தேன். பக்கத்து ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டு வண்டி வந்திருக்கிறது. அவ்வளவுதான்.)

என்னால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று அவளுடைய அக்கா பார்வதி, எனக்கு மதினி, தென்காசியிலிருந்து வந்தார். கை சுத்தம், மனசு அதைவிட சுத்தம். ஆனால் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து தங்கியது அதுதான் முதல் தடவை. மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. தெரியவில்லை என்ற கவலையும் கிடையாது. "எல்லாம் தமிழ்தானே தம்பி, கொஞ்சம் மூக்கால பேசுதாங்க" என்று முடித்துவிட்டார்.

ஒரு நாள் முற்பகலில் நான் மருந்து வாங்க ஜங்ஷனுக்குப் போனேன். போனை சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோனேன். அதே நேரத்தில் பிந்து போன் செய்திருக்கிறாள். மதினி எடுத்திருக்கிறார். திரும்பி வரும்போது எங்கள் சந்தில் திரும்பினதும் பார்த்தேன். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. எப்போதும் நிற்காத என் கால் அன்றைக்கு நின்றுவிட்டது. பெட்டிக்கடைக்காரர் வந்து முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

உள்ளே கூடத்தில் ஸ்ட்ரெச்சர். கட்டில் பக்கத்தில் பிந்து, பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் அடையாள அட்டையைக் கூடக் கழற்றாமல் சுபா. மதினி ஒரு ஓரத்தில், எதற்கு இத்தனை கூட்டம் என்று புரியாமல். கோமதி கண்ணை மூடிக் கிடந்தாள்.

"சேட்டா, இதெந்தா என்னோடு பறயாத்தது?" என்றாள் பிந்து. தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்ட அவள் குரலில் நான் அதுவரை கேட்காத கடுப்பு. "ரண்டு மூணு திவசமாயிட்டு சேச்சி ஒண்ணும் கழிச்சிட்டில்லல்லோ."

"யாரு சொன்னது? காலையில கூடக் கஞ்சி குடிச்சாளே."

சுபா என் பக்கம் திரும்பினாள். "அப்பா, மதி, போதும். நேத்தும் போன்ல அம்மா நல்லா சாப்பிடுதுன்னு சொன்னீங்க. பெரியம்மா சத்தியம் சொல்லியாச்சு. டாக்டர் உடனே கொண்டுவரச் சொல்லிட்டாரு. இனி டியூப் போட்டே தீரணும்."

காலையில் கஞ்சி கொடுத்தது நிஜம்தானா, முந்தின நாள் கொடுத்ததை நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொடுத்த வாக்கு என் கையிலிருந்து நழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிரைவர் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி வைத்தார்.

"யாருக்கு டியூப்?" என்றாள் கோமதி. கண்ணைத் திறக்கவில்லை.

பிந்து குனிந்து, தான் போனில் கேட்டதையும் மதினி சொன்ன பதிலையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சேச்சி, ஞான் விளிச்சு சோதிச்சில்லே, சேச்சி கழிச்சோன்னு. அக்கா பறஞ்ஞு, முக்கி முக்கி நோக்கி, ஒண்ணும் இறங்ஙியில்லன்னு. சாயாவில் பிஸ்கட் முக்கி கொடுத்திட்டும் இறங்ஙுந்நில்லெங்கில் பின்னே எந்து செய்யும்?"

கோமதி கண்ணைத் திறந்தாள். பிந்துவைப் பார்த்தாள். மெல்லத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள்.

"யக்கா. போன்ல நீ எதச் சொன்ன?"

மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற எதச் சொல்லுவாங்க? அந்தப் புள்ள, கழிச்சாளான்னு கேட்டா. நர்சம்மா கேட்டா உள்ளதச் சொல்லணும்லா? ரெண்டு மூணு நாளா இல்லம்மா, முக்கி முக்கிப் பாத்தா, ஒண்ணும் எறங்கலன்னு சொன்னேன். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

கோமதியின் வலது கை போர்வைமேல் எதையோ தேடியது.

"இந்தாங்க, அந்தத் தலகாணிய எடுங்க" என்றாள். "சீக்கிரம்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் சிரித்த சிரிப்பைப் பழவங்காடி அறையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். சத்தம் அதிகம் வரவில்லை, உடம்பில் அதற்குத் தெம்பில்லை. தலகாணி மட்டும் குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. பிந்துவுக்குப் புரிந்ததும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்றெ தெய்வமே, பிஸ்கட்டல்ல" என்றாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. மதினி மட்டும், "வயித்துக்குப் போகலன்னா சிரிக்காளுவோ, இது என்ன ஊரு" என்றார்.

சுபா சிரிக்கவில்லை.

"அம்மா, தமாஷ் மதி" என்றாள். "நீங்க எல்லாரும் சிரிச்சு சிரிச்சே என்னை ஏமாத்துறீங்க. நான் ஆபீஸ்ல இருந்து என்ன நினைச்சிட்டு வந்தேன்னு தெரியுமா? நீ சாப்பிடுறத நான் பாக்கணும். இப்ப. என் முன்னாடி. இல்லன்னா வண்டியில ஏறணும்."

கோமதியின் சிரிப்பு நின்றது. மகளைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு வாய்க்குமட்டல் என்று எனக்குத் தெரியும். காலையில் குடித்ததே பெரிய காரியம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே இருந்தது.

"கஞ்சியக் கொண்டாங்க" என்றாள் என்னிடம்.

காலையில் மிச்சமிருந்ததைச் சுடவைத்துக் கொண்டுவந்தேன். சுபா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். சூடு பார்க்கிற மாதிரி தன் நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார்த்தாள். "அப்பா, இதுல உப்பே இல்ல." கோமதி வாயைத் திறந்தாள். ஒரு கரண்டி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினாள். இன்னொரு கரண்டி. கழுத்து நரம்பு தெரிந்தது. டிரைவர் உட்பட எல்லாரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொன்று. அதையும் விழுங்கிவிட்டு, மூச்சு வாங்கி, மகளிடம் சொன்னாள்:

"இவரு கஞ்சியத் தெனமும் தின்னுட்டு உயிரோட இருக்கேன். இனி எந்த ஆஸ்பத்திரியால என்னைய என்ன செய்ய முடியும்?"

சுபாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கரண்டி ஆடி, கஞ்சி தலகாணிமேல் கொட்டியது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாளா, அழுதாளா, இரண்டும்தான். கொஞ்சம் கழித்துத் தலையைத் தூக்காமலே, "சிஸ்டர், வண்டி போய்க்கோட்டே" என்றாள்.

வண்டி உடனே போகவில்லை. ஸ்ட்ரெச்சரை மடக்கிக்கொண்டிருந்த டிரைவரைக் கோமதி கூப்பிட்டாள். "மோனே, கழிச்சோ?" அவர் இல்லை என்றார். அப்புறம் என்ன, நான் இலை போட்டேன். நான் வைத்த சாம்பார். அவர் பாவம், நல்ல மனுஷன், நன்றாயிருக்கிறது என்பதற்கு இந்த ஊரில் சொல்கிற மாதிரி, "கொள்ளாம்" என்றார். மதினி பதறிப்போய், "யாரக் கொல்லணுங்கான்?" என்று கேட்டார். கட்டிலிலிருந்து பதில் வந்தது: "சாம்பார் வச்சவர."

மதினி சொன்னதும் பொய்யில்லையே. பிந்து அந்தச் சங்கடத்துக்கும் மருந்து கொடுத்துவிட்டுத்தான் போனாள். மறுநாள் காலை காரியம் நடந்ததும் வீட்டில் கல்யாணம் நடந்த மாதிரி இருந்தது. சுபா ஆபீசிலிருந்து போன் செய்து, "அப்பா, தமிழ்லயும் கழிச்சாச்சா?" என்று கேட்டாள். அதிலிருந்து அதுவே எங்கள் வீட்டு வழக்கானது. பிந்து வந்ததும், "சேச்சி, ஆத்யம் மலையாளம், பின்னே தமிழ்" என்று ஆரம்பிப்பாள். சுபா தன் வாடகை ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு லாப்டாப்போடு வீட்டுக்கே வந்துவிட்டாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவாள். "அந்த ஆளு பேசிக்கிட்டே இருக்கானே, அவன் கழிச்சானான்னு கேளு" என்று கோமதி கிசுகிசுப்பாள். சுபா மைக்கை அணைத்துவிட்டு, தலகாணியை எட்டி எடுப்பாள்.

பிறகு மலையாளம் முதலில் நின்றது. ஈரத்துணியால் உதட்டை நனைப்பதோடு சரி. ஆஸ்பத்திரி என்ற பேச்சை சுபா எடுப்பாள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. குழாய் வேண்டாம் என்று பிந்துவிடமும் டாக்டரிடமும் அவளே சொன்னாள்.

அன்று காலையும் நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். "அப்பா, செத்த உக்காருங்க" என்றாள் சுபா, அப்படியே அவள் அம்மாவின் குரலில். உட்கார்ந்தேன். கோமதியின் கை என் கைக்குள் இருந்தது. தலகாணி அவள் வயிற்றின் மேல், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி. எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். உட்கார்ந்தால் இப்படி ஆகும் என்று பயந்துதான் அத்தனை நாளும் நடந்தேனோ என்னவோ. இன்றுவரை என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த நேரத்தில் பிந்து வந்தாள். அவளுக்கு அன்றைக்கு வேலை நாள் இல்லை. வித்துராவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். யாரும் யாருடனும் பேசாத கூடம். நான் சுவரோரம் நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து, கண் கலங்க, மெதுவாகக் கேட்டாள்.

"சேட்டா, வல்லதும் கழிச்சோ?"

பழக்க தோஷம். "தமிழிலயா, மலையாளத்திலயா?" என்றேன்.

சங்கரன்கோவில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார், தோள் குலுங்கியது. என் வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. நிறுத்தத் தெரியவில்லை, சுருக்கென்று வலித்தது. சுபா எழுந்தாள். ஆள் இல்லாத கட்டிலுக்குப் போய், தலகாணியை எடுத்து வந்து, என் வயிற்றில் வைத்து, அந்தப் பக்கமிருந்து தானும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இரவல் வாங்கின கட்டிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மிச்ச மருந்தை பிந்து வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோனாள். சேலைகளை மதினியும் சுபாவும் பார்த்துக்கொண்டார்கள். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தத் தலகாணியைத்தான். உறையைத் துவைத்துப் பார்த்தோம், கஞ்சிக் கறை போகவில்லை. உப்பில்லாத கஞ்சிக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் போன் செய்து, எப்படி இருக்கீங்க அங்கிள் என்று கேட்கிறீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு எழுந்து நடக்கத்தான் தோன்றுகிறது. கழிச்சோ என்று கேளுங்கள், எந்த மொழி என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன். அவளைப் பற்றி வேடிக்கையாக ஏதாவது உங்களுக்கு ஞாபகம் வந்தால், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். ஆனால் உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள், தலகாணியை எடுத்துக்கொள்கிறேன்.